முதல் ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டிய ரத்தம்

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் பிளட் கல்ச்சர். அந்தப் பாட்டிலோடு ஆய்வகத்துக்கு வரும் சீட்டில் நான் முதலில் தேடுவது, ஆன்டிபயாடிக் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்களா என்பதைத்தான். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி முழுதாகச் சாகாவிட்டாலும் பாட்டிலில் வளராமல் போகலாம். ரிப்போர்ட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். அதற்குத் தொற்றே இல்லை என்று அர்த்தமில்லை.

அடுத்தது ரத்தத்தின் அளவு. பெரியவர்களுக்கு ரத்தத்தில் தொற்று இருந்தாலும் பல நேரம் ஒரு மில்லியில் ஒன்றிரண்டு கிருமிகள்கூட இருக்காது. அதனால்தான் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி கேட்கிறோம். ஒரு தடவைக்கு இரண்டு பாட்டில். ஒன்று ஆக்ஸிஜனில் வளரும் கிருமிக்கு, மற்றது அது இல்லாமல் வளர்வதற்கு. இதே போல இன்னொரு கையிலிருந்தும் எடுக்க வேண்டும். “இவ்வளவு ரத்தமா?” என்று வீட்டார் பதறுவது நியாயம்தான். ஆனால் 3 மில்லியை ஊற்றி அனுப்பினால் குத்தியதே வீண். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துக் குறைவாக எடுப்போம்.

இரண்டு கை எதற்கு? தோலில் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் ஊசியோடு உள்ளே வந்துவிடும். ஒரு கை ரத்தத்தில் மட்டும் அவை வளர்ந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்தவை. இரண்டிலும் வளர்ந்தால் உண்மையான தொற்றோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் அந்த இனத்திலேயே ஆபத்தான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸோ, கேண்டிடா என்ற பூஞ்சையோ ஒரே பாட்டிலில் வந்தாலும் அலட்சியம் கூடாது. கிருமிநாசினி தடவியபின் அது காயும்வரை பொறுக்காமல் குத்துவதும், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்ப்பதும்தான் இந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம்.

பாட்டில்களை வழக்கமாக 5 நாள் கருவியில் வைத்திருப்போம். கிருமி வளரும்போது வெளிவிடும் கரியமில வாயுவைக் கருவி கவனித்து எச்சரிக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துவிடும். உடனே கிருமியின் வகையைக் காட்டும் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்து டாக்டருக்குப் போன் செய்வோம். ஊதா நிறக் கொத்துகளா, இளஞ்சிவப்புக் குச்சிகளா என்ற அந்த ஒரு வரியே மருந்தை மாற்ற வைக்கும். எந்த மருந்து கேட்கும் என்ற முடிவு வர இன்னும் ஓரிரு நாள் ஆகும்.

அப்புறம் நடப்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. ‘பெரிய’ ஊசியை நிறுத்திவிட்டுச் சாதாரண மருந்துக்கு மாற்றினால், செலவைக் குறைக்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறார்கள். உண்மையில், மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் வகைக்குக் கட்டுப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு, ‘பெரிய’ ஊசியான வான்கோமைசினைவிடச் சாதாரண மருந்தான செஃபசோலின்தான் நன்றாக வேலை செய்யும்.

ரத்த அழுத்தம் சரிந்து, நினைவு தடுமாறும் நிலையில் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. சட்டென்று ரத்தத்தை எடுத்துவிட்டு ஊசியைப் போட வேண்டியதுதான். எடுக்கத் தாமதமானால் ஊசிதான் முதலில்.

காய்ச்சலுக்கு வீட்டிலேயே ஏதாவது ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டிருந்தால், அட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் எங்கள் ரிப்போர்ட்டை டாக்டர் தவறாகப் புரிந்துகொள்ள நேரிடும்.