மேலே ஏறி வந்ததும் திசை ஏன் தலைகீழாகிறது?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "சுரங்க ரயில் நிலையத்தில் மூன்று தளம் கீழே இருக்கும் பிளாட்பாரத்தில் இறங்கி, இரண்டு எஸ்கலேட்டர் மாறி, ஒரு நீளமான நடைபாதையைக் கடந்து வெளியே வந்தால், போக வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் நடக்கிறேன். கொஞ்சம் இடம் வலம் தவறினால்கூடப் பரவாயில்லை, சரியாக 180 டிகிரி தப்புகிறது. அதுவும் சந்தேகமே இல்லாமல் விறுவிறுவென்று நடக்கிறேன். எனக்குத் திசையறிவே கிடையாதா?"

இருக்கிறது. நன்றாகவே வேலையும் செய்கிறது, வம்பே அதனால்தான். ஏன் சரியாக 180, ஏன் சந்தேகம் வருவதில்லை என்ற இரண்டுக்கும் விடை மூளைக்குள் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

பள்ளிக்கூடப் பாடத்தை முதலில் வேகமாக ஓட்டிவிடுகிறேன். உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது திரவம் ஒரு கணம் பின்தங்கும், அதை நுண்மயிர்ச் செல்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். ஆக, குழல்களுக்குத் தெரிவதெல்லாம் திரும்பும் வேகத்தில் வரும் மாற்றம் மட்டுமே. சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும், உணர்வு மங்கிவிடும். ரொம்ப மெதுவாகத் திரும்பினால் முதலிலிருந்தே தெரியாது. இப்போது சுரங்கத்தில் ரயில் ஒரு நீண்ட வளைவில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே கறுப்புச் சுவர், நீங்கள் செல்போனில் மூழ்கியிருக்கிறீர்கள். ரயில் கால்வட்டமே திரும்பியிருந்தாலும் உங்கள் காதுக்கு அந்தக் கணக்கு முழுதாகப் போய்ச் சேராது. நிலையத்தில் வழி தொலைந்ததாக நினைக்கிறோம், பல நேரம் பிளாட்பாரத்தில் கால் வைக்கும் முன்பே தொலைந்தாகிவிட்டது.

சரி, காது அனுப்பும் இந்தக் குறைக் கணக்கு எங்கே போகிறது? 1984-இல் ஜேம்ஸ் ராங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலியின் மூளையில் விசித்திரமான நரம்புச் செல்களைக் கண்டார். எலி எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. தலை ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்க்கும்போது மட்டும் துடிக்கும். ஒரு செல்லுக்கு இந்தத் திசை, இன்னொன்றுக்கு அந்தத் திசை, இப்படி மொத்த வட்டத்தையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. திசைச் செல்கள் என்று சொல்லலாம். பூமியின் காந்தப்புலத்தோடு இவற்றுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. வடக்கு என்பதே இவற்றுக்குத் தெரியாது, "முன்பு பார்த்த பக்கத்திலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறேன்" என்பது மட்டும்தான்.

இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் நரம்பியலில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

இந்தச் செல்கள் தங்களுக்குள் எப்படி ஒத்துப்போகின்றன? கோட்பாட்டாளர்கள் காகிதத்தில் ஒரு விடை வைத்திருந்தார்கள். செல்கள் ஒரு வளையமாக இணைந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பக்கத்துச் செல்லை ஊக்குவித்து, தூரத்துச் செல்களை அடக்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்தால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பாதி எழுவார்கள், எதிரே இருப்பவர்கள் யாரும் எழ முடியாதபடி அதட்டி உட்காரவைக்கப்படுவார்கள். வட்டத்தில் எப்போதும் ஒரே ஒரு மேடுதான் இருக்கும். நீங்கள் வலப்பக்கம் திரும்பினால் மேடு ஒரு பக்கமாக நகரும், இடப்பக்கம் திரும்பினால் மறுபக்கம். அழகான யோசனைதான். ஆனால் பாலூட்டிகளின் மூளையில் இந்தச் செல்கள் இடத்தால் வளையமாக அடுக்கப்பட்டிருக்கவில்லை, கலைந்து கிடக்கின்றன. வளையம் என்பது இணைப்புகளில் மட்டுமே ஒளிந்திருக்கும் ஒரு கணக்காகவே இருந்தது.

2015-இல் யோஹானஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் பழ ஈயின் மூளைக்குள் பார்த்தார்கள். அங்கே அது நிஜ வளையம்! மூளையின் நடுவே மோதிரம் மாதிரி ஒரு பகுதி. ஈயின் தலையை அசையாமல் பிடித்து, கால்களுக்கு அடியில் காற்றில் மிதக்கும் ஒரு குட்டிப் பந்தை வைத்து, அதைச் சுற்றி ஒளித்திரை அமைத்து நடக்கவிட்டார்கள். துடிக்கும் செல் ஒளிரும்படி மரபணு மாற்றம் செய்த ஈ அது. நுண்ணோக்கியில் பார்த்தால் மோதிரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு ஒளித்திட்டு, காகிதத்தில் இருந்த அதே மேடு. ஈ திரும்பத் திரும்பத் திட்டும் மோதிரத்தைச் சுற்றி நகர்கிறது. விளக்கை அணைத்தார்கள், முழு இருட்டு. திட்டு அணையவில்லை. ஈயின் கால் அசைவை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்து நகர்ந்தது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகிக்கொண்டே போனது. 2017-இல் அதே குழு இன்னொரு வேடிக்கை செய்தது. ஒளி பாய்ச்சி மோதிரத்தின் எதிர்ப்பக்கத்துச் செல்களைச் செயற்கையாகத் தூண்டினார்கள். புதுத் திட்டு முளைத்தது, பழையது தானாக அணைந்தது. இரண்டு திட்டுகளுக்கு அந்த வளையத்தில் இடமில்லை.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். அந்த வளையத்தில் "எனக்குத் தெரியவில்லை" என்ற நிலையே கிடையாது. தகவல் குறையலாம், தப்பாக வரலாம், சுத்தமாக நின்றே போகலாம். திட்டு எங்கேயாவது ஒரு திசையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். சுண்டெலிகளில் 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு, உறக்கத்திலும்கூட இந்தத் திசைச் செல்கள் ஒரே மேடாக ஒத்துப்போய் இயங்குவதைக் காட்டியது. தலை அசையாமல் கிடக்கிறது, உள்ளே திசைகாட்டும் முள் தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கிறது! நீங்கள் சந்தேகமே இல்லாமல் தப்புப் பக்கம் நடப்பது இதனால்தான். பிசகும்போது ஒரு செல் மட்டும் பிசகுவதில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே அளவுக்குப் பிசகுகின்றன. உள்ளுக்குள் முரண்பாடு இல்லை, அதனால் எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை.

ஈயின் மூளையை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அந்த ஈ ஆய்வு நடந்தது அமெரிக்காவில் ஹவர்ட் ஹியூஸ் என்ற தனியார் அறக்கட்டளையின் ஆய்வகத்தில். "இதனால் என்ன பயன், எத்தனை வருடத்தில் பயன்" என்று முதல் பக்கத்திலேயே எழுதித்தரச் சொல்லும் நிதிக்குழுவிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள், ஈயிடம் ஒன்றரை லட்சம்கூட இல்லை. எண்ணக்கூடிய இடத்தில் எண்ணிப் பார்ப்பதுதானே புத்திசாலித்தனம்?

அப்புறம் அந்த 180 டிகிரி. பிசகும் முள்ளைத் திருத்துவது கண். தெரிந்த அடையாளம் ஒன்று கண்ணில் பட்டதும் திட்டு தாவிச் சரியான இடத்துக்குப் போய்விடும். ஆனால் ஈக்கு எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரியான இரண்டு அடையாளங்களைக் காட்டினால் குழப்பம். இரண்டில் எதை நம்புவது? திட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், சில சமயம் திடீரென்று மறுபக்கத்துக்குத் தாவும். தாவும் தூரம் அரைவட்டம். இப்போது ஒரு பிளாட்பாரத்தை நினைத்துப் பாருங்கள். நீளமான கூடம், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி எஸ்கலேட்டர், ஒரே மாதிரி விளம்பரப் பலகை, ஒரே மாதிரி தூண்கள். பாதியாக மடித்தால் அச்சு அசலாகப் பொருந்தும். மனித மூளைக்கும் இதே விதி அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பொருந்தினால், இப்படிச் சமச்சீரான இடத்தில் 37 டிகிரி தப்புவதற்கு வழியே இல்லை. தப்பினால் முழுசாக, நேரெதிராகத்தான் தப்ப வேண்டும்.

இதுவரை பேசியது ஒரே தளம். அடுக்கடுக்கான நிலையங்களில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. மூளையில் இடத்தை அளக்கக் கட்டச் செல்கள் இருக்கின்றன. தரையை முக்கோண ஒழுங்கில் அளந்து, குறிப்பிட்ட இடங்களில் துடிப்பவை. 2005-இல் மோசர் தம்பதியின் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டவை. 2014-இல் ஜான் ஓகீஃபோடு சேர்ந்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. லண்டனில் ஒரு குழு எலிகளைச் சுழல் பாதையில் ஏறவிட்டு இந்தச் செல்களைக் கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. ஒரு சுற்றில் எந்த இடத்தில் துடித்ததோ, அடுத்த சுற்றிலும் அதே இடத்துக்கு நேர் மேலே துடித்தது. அதாவது அந்தச் செல்லைப் பொறுத்தவரை முதல் மாடியும் மூன்றாம் மாடியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! தரையில் ஓடிப் பிழைக்கும் பிராணிக்கு உயரம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை போலிருக்கிறது. நாமும் ஏறக்குறைய அந்த ரகம்தான். கீழ்த்தளத்தின் அமைப்பே மேல்தளத்திலும் இருக்கும் என்று கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறோம். டிக்கெட் கேட் இருக்கும் தளம் பிளாட்பாரத் தளத்துக்குக் குறுக்காகக் கட்டப்பட்டிருந்தால், எஸ்கலேட்டர் நடுவில் ஒருமுறை திரும்பினால், அவ்வளவுதான்.

நிலைமையைச் சரிசெய்யத்தானே சுவரில் வரைபடம் மாட்டுகிறார்கள் என்பீர்கள். மாட்டும் விதத்தைப் பாருங்கள். 'நீங்கள் இங்கே' என்று சிவப்புப் புள்ளி வைத்த வரைபடங்களை 1980-களில் மார்வின் லெவின் என்ற உளவியலாளர் சோதித்தார். நீங்கள் பார்க்கும் திசை வரைபடத்தில் மேல்பக்கமாக இருந்தால்தான் அது உதவுகிறது, இல்லாவிட்டால் ஆட்களைத் தப்பான பக்கம் அனுப்பிவைக்கிறது. மனத்துக்குள் ஒரு படத்தைச் சுழற்ற எவ்வளவு நேரமாகும் என்பது சுழற்றும் கோணத்தோடு சேர்ந்து கூடுகிறது என்று ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-லேயே காட்டிவிட்டார்கள். கையில் பெட்டி, பின்னால் இடிக்கும் கூட்டம், இந்த நிலையில் யார் படத்தை அரைவட்டம் சுழற்றிக்கொண்டு நிற்பார்கள்? இத்தனைக்குப் பிறகும் ஒரே அச்சுப் படத்தை எதிரெதிர்ச் சுவர்களில் மாட்டும் நிலையங்கள் உண்டு. இரண்டில் ஒன்றாவது கட்டாயம் தப்பு. இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன், சுவருக்கு ஏற்றபடி படத்தைத் திருப்பி அச்சடிக்க அப்படியென்ன செலவாகிவிடும்?

"பெண்களுக்குத் திசை தெரியாது" என்று சாதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழிகண்டுபிடிக்கும் ஒரு செல்போன் விளையாட்டை வைத்துப் பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்களைச் சோதித்து 2018-இல் ஒரு முடிவு வந்தது. ஆண்-பெண் சமத்துவம் குறைவாக இருக்கும் நாடுகளில் வழிகண்டுபிடிப்பதில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கிறது, சமத்துவம் கூடக்கூடச் சுருங்குகிறது. 2022-இல் அதே தரவிலிருந்து இன்னொன்று: சதுரங்கக் கட்டம்போல நேர் தெருக்கள் உள்ள ஊர்களில் வளர்ந்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குகிறார்கள். வெளியே சுற்ற விடாமல் வளர்த்துவிட்டு, பிறவிக் குறை என்று பட்டம் கட்டுவது மூடநம்பிக்கையில்தான் சேரும்.

கேட்டவருக்கு என்ன சொல்வது? மேலே வந்த பிறகு யோசிக்காதீர்கள், அதற்குள் முள் பிசகியிருக்கும். பிளாட்பாரத்திலேயே வெளிவழியின் எண்ணைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணை மட்டும் பின்தொடருங்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் 200-க்கும் மேற்பட்ட வெளிவழிகள் இருக்கின்றன. அங்கே திசையறிவை நம்பி யாரும் பிழைக்க முடியாது, எண்தான் காப்பாற்றும். ரயில் நின்றதும் அது எந்தப் பக்கம் கிளம்பிப் போகிறது என்று ஒரு கணம் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரியான கூடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் நம்பகமான வித்தியாசம் அது ஒன்றுதான். எஸ்கலேட்டரில் ஏறும்போது செல்போனைப் பையில் வைத்துவிட்டு, மேலே எந்தப் பக்கம் பார்த்தபடி இறங்குகிறீர்கள் என்று கவனியுங்கள்.

வெளியே வந்து செல்போனைத் திறந்தால், வரைபடத்தில் நீலப் புள்ளிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் திசைக் கூம்பை உடனே நம்பிவிட வேண்டாம். அது செல்போனுக்குள் இருக்கும் காந்தமானியின் வேலை, நிலையத்தின் எஃகுச் சட்டங்களும் ரயிலுக்குப் போகும் மின்னோட்டமும் அதைக் கெடுத்துவிடும். ஜிபிஎஸ் சமிக்ஞையும் தரைக்கு மேலே வந்த பிறகுதான் கிடைக்கத் தொடங்கும், முதலில் கொஞ்சம் அலையும். வாசலை விட்டு விலகி, ஏதாவது ஒரு பக்கமாக முப்பது நாற்பது அடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். தப்பென்று தெரிந்தால் அங்கேயே திரும்பிக்கொள்ளலாம், யாரும் கவனிக்கப் போவதில்லை.