கல்லீரல் மாற்றத்துக்குப் பின்: மாத்திரையும் கடிகாரமும்

மதுரையிலோ சென்னையிலோ கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டு காரைக்குடிக்குத் திரும்புகிறவருக்கு, எஞ்சிய சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கிறது. புதிய கல்லீரலை அந்நியப் பொருளாகக் கண்டு தாக்க முனையும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைத் தூண்டிவிடும் கால்சினியூரின் என்ற நொதியை, டாக்ரோலிமஸ் மாத்திரை தடுத்து வைக்கிறது. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் 1984இல் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்து இது. ரத்தத்தில் இதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும். நிராகரிப்பு பெரும்பாலும் வலி எதுவுமின்றித் தொடங்குவதால், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அந்தப் பரிசோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. முந்தைய இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டவர், மறுநாள் காலை எட்டு மணி மாத்திரையைப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், ரத்தம் கொடுத்த பிறகே அதை விழுங்க வேண்டும். வழக்கம்போல் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனால் அளவு ஏறித் தெரியும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடக்கூடும்.

இம்மருந்தைச் சிதைக்கும் நொதி கல்லீரலில் மட்டுமன்றிக் குடல் சுவரிலும் இருக்கிறது. பம்பளிமாஸ் அதை முடக்குவதால் மருந்தளவு ஏறிவிடும். வயிற்றுப்போக்கின்போது மருந்து வீணாகிவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் குடல் சுவர் பாதிக்கப்படுவதால் சிதைவு குறைந்து, அளவு பல வேளைகளில் கூடவே செய்கிறது. பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் அளவைக் கூட்டும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெகுவாகக் குறைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும், உறவினர் அன்போடு தரும் சூரணங்களும் மருத்துவரைக் கேட்காமல் வாய்க்குப் போகக் கூடாது.

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் எல்லோரும் காரத்தைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். எனக்கோ பந்தியின் நேரமே பெரிய கவலை. கொழுப்புள்ள உணவு மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ மாத்திரை போடுவதைத் தினமும் ஒரே ஒழுங்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நண்டும் கோழியும் நன்றாக வெந்திருக்க வேண்டும். நெடுநேரம் வெளியில் இருந்த குழம்பு வேண்டாம். தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதால் உச்சி வெயிலில் குடையோ தொப்பியோ அவசியம்.

எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்திருப்பதால் பெரிய தொற்றும் சிறு காய்ச்சலாகவே தெரியலாம். ஆகையால் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், ஒரு வேளை கசாயம் குடித்துப் பார்ப்போம் என்று காத்திராமல், அப்போதே அறுவை செய்த மருத்துவமனையை அழைக்க வேண்டும்.