இன்சுலேஷன் – வெப்பக் காப்பு

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய கொட்டகையைக் குளிர்காலத்திலும் வேலை செய்யக்கூடிய பட்டறையாக்க நினைப்பவர் காதில் முதலில் விழும் சொல் இன்சுலேஷன். கடையில் பஞ்சுச் சுருளைக் காட்டி அதுதான் இன்சுலேஷன் என்பார்கள். அதைச் சுவரில் பொருத்தும் வேலையும் இன்சுலேஷன். வேலை முடிந்து உள்ளே சூடு நின்றால் அந்தப் பலனுக்கும் இன்சுலேஷன் என்றே பெயர். பொருள், செயல், பலன் மூன்றையும் ஒரே சொல் சுமப்பதால், சொல்பவர் எதைச் சொல்கிறார் என்று கேட்பவருக்குச் சமயத்தில் புரிவதில்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இன்சுலா’ என்றால் தீவு. அதிலிருந்து பிறந்த ஆங்கில வினைக்கு முதலில் நிலத்தைத் தீவாக்குதல் என்றே பொருள். மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள்தான் அதை வேறு பக்கம் திருப்பினார்கள். 1729இல் ஸ்டீபன் கிரே நீளமான நூல் வழியாக மின்னூட்டத்தை அனுப்பிப் பார்த்தார். நூலைத் தாங்கப் பட்டு இழை கட்டியபோது மின்னூட்டம் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டு அறுந்ததால் பித்தளைக் கம்பி கட்டினார். அப்போது மின்னூட்டம் மறுமுனைக்கு வரவேயில்லை, கம்பி வழியே இறங்கிவிட்டது. சுற்றிலும் கடத்தாத பொருள், நடுவில் தனித்து நிற்கும் தீவு. அந்த நூற்றாண்டிலேயே இந்தச் சொல் மின்சாரத்துக்கு ஒட்டிக்கொண்டது. வெப்பத்துக்கும் வந்து சேர்ந்தது. நோயாளியைத் தனிமைப்படுத்துவதைச் சொல்லும் ஐசோலேஷனும் இதே வேர்தான். கணையத்தில் தீவுத் தீவாகக் கிடக்கும் செல்களில் சுரப்பதால் இன்சுலினுக்கும் அந்தப் பெயர்.

கொட்டகை வேலைக்கு இந்தத் தீவுப் படம் மிகவும் உதவும். பலர் கூரைக்கு மட்டும் பஞ்சு வைத்துவிட்டு, சுவரையும் தரையையும் கதவு இடுக்கையும் அப்படியே விடுகிறார்கள். ஒரு பக்கம் கரையோடு ஒட்டியிருந்தால் அது தீவு ஆகாது. பஞ்சைத் துளைத்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே போகும் இரும்புச் சட்டமும் அப்படித்தான். அதற்கு வெப்பப் பாலம் என்று பெயர். தீவுக்குப் பாலம் போட்ட கதை. ஒரு பொருள் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாகக் கசியும் என்பதைச் சொல்லும் எண் வெப்பக் கடத்துதிறன். கண்ணாடிப் பஞ்சுக்கு அது மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 0.04 வாட். மரத்துக்கு 0.12 முதல் 0.15 வரை, செங்கலுக்கு 0.6க்கு மேல், எஃகுக்கு 50 அளவில். பஞ்சில் உண்மையில் வேலை செய்வது இழைகளுக்குள் அசையாமல் சிக்கிக் கிடக்கும் காற்று. அதனால்தான் பஞ்சை அமுக்கித் திணிக்கக் கூடாது, நனையவும் விடக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெப்பத் தடுப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எந்தப் பொருளும் வெப்பத்தை அடியோடு தடுப்பதில்லை. அது கசியும் வேகத்தைத்தான் குறைக்கிறது. ‘குளிர் தடுப்பு’ இன்னும் தவறு; குளிர் உள்ளே வருவதில்லை, சூடுதான் வெளியே போகிறது. பாடநூல்களில் வரும் ‘அரிதிற் கடத்தி’ உண்மைக்கு நெருக்கமானது, ஆனால் பொருளை மட்டுமே குறிக்கும். இலங்கைப் பாடநூல்களின் ‘காவலி’ அழகான சொல், அதுவும் பொருளின் பெயர்தான்.

‘காப்பு’ இவை எல்லாவற்றையும்விடப் பொருந்துகிறது. ‘கா’ என்ற வேருக்குக் காத்தல், கைவிடாமல் வைத்திருத்தல் என்று பொருள். கையில் அணியும் காப்பும், நூலின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுளும், காப்பீடும் அதிலிருந்து வந்தவை. உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பது வெப்பக் காப்பு. அதைச் செய்வது காப்பிடுதல், அதற்கான பஞ்சும் நுரைப்பலகையும் காப்புப் பொருள். மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. ‘கூரைக்குக் காப்பிட்டாகிவிட்டது, சுவருக்குக் காப்புப் பொருள் இன்னும் வரவில்லை’ என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

தடுப்பு என்ற சொல்லுக்குச் சரியான இடம் வேறு ஒன்று இருக்கிறது. 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 9 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே அதிலுள்ள ஆவி நீராகப் படிந்துவிடும். இரவு அடுப்பை அணைத்துவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் தகரக் கூரையின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். இழைப்புளியின் அலகில் பழுப்பாகத் துரு பூத்திருக்கும். புகைக்குழாய் இல்லாத வாயு அடுப்பு இதை மோசமாக்கும்: ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது, கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. இந்த ஆவி காப்புப் பொருளுக்குள் புகாதபடி, குளிர் நாட்டில் அதன் சூடான பக்கத்தில், அதாவது உள்பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவில், பாலித்தீன் தாள் விரிக்கிறார்கள். ஓரங்களை நாடா போட்டு ஒட்டுகிறார்கள். அந்தத் தாளுக்குப் பெயர் நீராவித் தடுப்பு.