‘நீரியல் வேளாண்மை’ வேண்டாம், மண்ணில்லா வேளாண்மை போதும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் ஒரு துண்டறிக்கை சுற்றுகிறது: ‘இலாப நோக்கற்ற அமைப்பின் சார்பில், உள்ளரங்க நீரியல் வேளாண்மை மூலம் சமூகங்களை மேம்படுத்தும் பயிற்சி.’ ஆழியாற்றுத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிய கூட்டமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நீரியல் என்றால் மழை, ஆறு, நிலத்தடி நீர் பற்றிய படிப்பு. உயிரியல், வானியல், புவியியல் போல அதுவும் ஒரு துறையின் பெயர். மண் இல்லாமல், சத்துகள் கரைத்த நீரில், அறைக்குள் கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையை அந்தச் சொல் எப்படிக் குறிக்கும்?

ஹைட்ரோபோனிக்ஸ் என்ற சொல்லின் பிறப்பு சுருக்கமாக. கிரேக்கத்தில் ஹைட்ரோ என்றால் நீர், போனோஸ் என்றால் உழைப்பு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் 1937-இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அச்சில் வெளியிட்டார். அதற்கு முன் அக்வாகல்ச்சர் என்றுதான் சொல்லிப் பார்த்தார். அது ஏற்கெனவே மீன் முதலான நீர்வாழ் உயிர்களின் வளர்ப்புக்கு வழங்கியதால் விட்டுவிட்டார். மண் இல்லாமல், உப்புகள் கரைத்த நீரில் செடி வளர்க்கும் சோதனையை ஜெர்மனியில் சாக்ஸ், க்னோப் என்ற அறிஞர்கள் 1860-களிலேயே செய்திருந்தார்கள்.

கெரிக் ஒதுக்கிய அதே குழப்பத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள். சிலர் ‘நீர்வளர்ப்பு’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு மீன்குட்டைதான் நினைவுக்கு வரும். ‘நீர் வேளாண்மை’ என்பது கொஞ்சம் தேவலாம், ஆனால் நெல்லும் நீரில்தானே நிற்கிறது?

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பிரதேசம். ஆழ்துளைக் கிணற்றையும் ஆழியாற்று வாய்க்காலையும் நம்பிப் பிழைக்கும் ஊர்கள். பெயரிலேயே நீரை முன்னால் நிறுத்தினால், ‘குடிக்கவே தண்ணீர் இல்லை, இதற்கு எங்கே போவது’ என்று மக்கள் எழுந்து போய்விடுவார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. குழாயில் ஓடும் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி வரும். பம்ப் அதை மறுபடி ஏற்றும். செடி குடித்ததும் ஆவியானதும் போக மிச்சம் வீணாகாது. தண்ணீரை மிச்சப்படுத்தும் முறைக்குத் தண்ணீரைக் கொட்டுவது போல ஒரு பெயர் ஏன்?

சரி, எந்தச் சொல் வேண்டும்? மண்ணில்லா வேளாண்மை. இங்கே மலையாளத்திலும் ‘மண்ணில்லா கிருஷி’ என்று சொல்வதுண்டு. இந்தப் பக்கத்துக் கொங்குத் தமிழில் ‘மண்ணில்லா வெள்ளாமை’ என்று சொன்னால் ஒரு பாட்டிக்கும் விளக்கம் தேவைப்படாது. வேளாண்மைக்கு உபகாரம் என்ற பழைய பொருளும் உண்டு. குறளில் அது அந்தப் பொருளில் வருகிறது. தொண்டு நிறுவனம் பயிர் வளர்த்து ஊருக்குக் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. என் சண்டை நீரியலோடு மட்டும்தான்.

தேங்காய்நார்க் கழிவில் வளர்ப்பதும் மண்ணில்லாததுதானே, வேரில் பனித்துளி போல் தெளித்து வளர்ப்பதும் அப்படித்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சத்துநீர்ப் பயிர்’ என்று சொல்லலாம். செடிக்குச் சோறு போடுவது வெறும் தண்ணீரல்ல, அதில் கரைந்த சத்து என்பதும் அதில் வந்துவிடும்.

துண்டறிக்கையின் மற்ற சொற்களையும் விட மனம் வரவில்லை. உள்ளரங்கம் இறகுப்பந்து ஆட்டத்துக்குச் சரி. இங்கே ‘அறைக்குள்’ என்றால் போதும். ‘இலாப நோக்கற்ற அமைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுத வேண்டாம், தொண்டு நிறுவனம் என்ற சொல் இருக்கிறது. ‘சமூகங்களை மேம்படுத்த’ என்று இந்த ஊரில் எழுதினால், எந்தச் சாதிக்கு என்றுதான் முதல் கேள்வி வரும். ஊர்மக்களுக்கு என்று எழுதுங்கள். முதியோர் இல்லத்துக்கும் பள்ளிச் சத்துணவுக்கும் கீரை தரப்போகிறோம், மகளிர் குழு பார்த்துக்கொள்ளும், பம்புக்கும் விளக்குக்கும் ஆகும் கரண்ட் பில்லை இன்னார் கட்டுவார்கள் என்று எழுதுங்கள். நன்கொடை தீர்ந்த பிறகு அறை பூட்டப்படுமா என்பதைத்தான் ஊர் தெரிந்துகொள்ள விரும்புகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பயிற்சிக் கையேடுகளில் வரும் ‘ஊட்டச்சத்துத் தீர்வு’. ஆங்கிலத்தில் ‘சொல்யூஷன்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால், கரைசல் என்று வர வேண்டிய இடத்தில் தீர்வு வந்து உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஏ, பி என்று இரண்டு கேன்களில் கரைசல் தருவார்கள். ஒன்றில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாக இருக்கும்போதே இரண்டையும் சேர்த்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். பிறகு அந்தச் சத்து செடிக்குக் கிடைக்காது. ‘ஏ தீர்வையும் பி தீர்வையும் இணைக்கவும்’ என்று படிக்கும் பெண் அப்படியே ஒன்றில் ஒன்றை ஊற்றத்தானே செய்வார்? தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, ஏ கரைசலை ஊற்றி நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் பி கரைசலை ஊற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கட்டும்.