ஃபிலிம் சுருளில் பறந்த போர்க்காலக் கடிதங்கள்

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஏறக்குறைய அடைபட்டுப் போனது. எகிப்தில் இருந்த சிப்பாய் எழுதிய கடிதம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு லண்டன் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. குழந்தை பிறந்த செய்தி அப்பாவுக்குக் கிடைப்பதற்குள் குழந்தை குப்புற விழுந்து தவழவே ஆரம்பித்திருக்கும். விமானத்தில் அனுப்பலாமே என்றால், மூட்டை மூட்டையாகக் காகிதத்தை ஏற்ற அன்றைய விமானங்களில் இடம் ஏது?

யோசித்துப் பார்த்தால் இங்கே கனம் முழுக்கக் காகிதத்துடையது, எழுத்துக்குக் கனமே இல்லை. அப்படியானால் காகிதத்தை இங்கேயே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் அனுப்ப முடியுமா? முடியும் என்று காட்டியதுதான் 1941-இல் பிரிட்டன் தொடங்கிய ஏர்கிராஃப்: கடிதத்தைப் படமெடுத்து, அந்த ஃபிலிம் சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பும் ஏற்பாடு. அடுத்த ஆண்டு ஜூனில் அமெரிக்கா அதையே வி-மெயில் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது.

எழுதுபவர் அச்சிட்ட படிவம் ஒன்றில் ஒரே பக்கத்தில் கடிதத்தை எழுதி, மேலே உள்ள கட்டத்தில் முகவரியைப் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுப்பார். தணிக்கை முடிந்ததும் கடிதம் கேமராவுக்குப் போகும். அந்தக் கேமரா போருக்காகக் கண்டுபிடித்தது இல்லை. காசோலைகளைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் மெக்கார்த்தி உருவாக்கியது, கோடாக் நிறுவனம் 1928-இல் ரெக்கார்டாக் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் காகிதம் உருளைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மெல்லிய இடுக்கு வழியாக அதன் பிம்பம் லென்ஸைத் தாண்டி 16 மி.மீ. அகல ஃபிலிமில் விழும், அந்த ஃபிலிமும் கூடவே ஓடும். பிம்பம் 16-இல் ஒரு பங்காகச் சிறுக்கிறது என்று வைத்துக்கொண்டால், காகிதம் 16 செ.மீ. நகரும் நேரத்தில் ஃபிலிம் சரியாக 1 செ.மீ. நகர வேண்டும், கொஞ்சம் முன்பின் ஆனாலும் எழுத்தெல்லாம் இழுபட்டுக் கலங்கிவிடும்.

சரி, இவ்வளவு சிறுத்தும் எழுத்து எப்படிப் பிழைக்கிறது? இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பேனாக் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்று கொள்வோம். 16-ஆல் வகுத்தால் அது ஃபிலிமில் சுமார் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஃபிலிமின் ஒளியுணர் பூச்சில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்களோ ஒரு மைக்ரானை ஒட்டிய அளவிலோ அதைவிடப் பொடியாகவோ இருக்கும். அதாவது ஒரு கோட்டின் குறுக்கே முப்பது துகளாவது வரிசையாக நிற்க இடம் உண்டு. கை நடுக்கம், அடித்துத் திருத்திய இடம், ஓரத்தில் மகள் கிறுக்கிய பொம்மை எல்லாமே பதிவாகிவிடும். எந்த மொழி, எந்த லிபி என்பதும் ஃபிலிமுக்குப் பொருட்டில்லை. தந்தியால் இது முடியவே முடியாது, அதில் வார்த்தை போகும், கையெழுத்து போகாது.

எடைக் கணக்கைப் பாருங்கள். 1,600 சாதாரணக் கடிதங்கள் கிட்டத்தட்ட 23 கிலோ, ஒன்றுக்கு 14 கிராம். அதே 1,600 ஏர்கிராஃப் கடிதங்களின் ஃபிலிம் சுமார் 140 கிராம்தான், ஒரு கடிதத்துக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நீளத்திலும் அகலத்திலும் 16 மடங்கு குறைந்தால் பரப்பு 256 மடங்கு குறைகிறதே, அதன் பலன் இது.

1870-71-இல் ஜெர்மானியப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோதே ரெனே டாக்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் செய்திகளை மெல்லிய படலத்தில் நுண்படமாக்கிப் புறாக்களின் வால் இறகில் கட்டி அனுப்பியிருக்கிறார். பாரிஸில் அதை விளக்கொளியில் திரையில் பெரிதாக்கி, எழுத்தர்கள் உட்கார்ந்து கையால் நகல் எடுத்தார்கள். 1941-இல் அந்தக் கை வேலையை இயந்திரம் செய்தது. சேர்ந்த ஊரில் ஃபிலிம் நெகட்டிவ், அதாவது தாள் கறுப்பாகவும் எழுத்து கண்ணாடி போலவும் இருக்கும். அதன் வழியே ஒளியைப் பாய்ச்சி நீண்ட போட்டோ காகிதச் சுருளில் விழவைத்தால் மறுபடி தலைகீழாகி எழுத்து கறுப்பாகிவிடும். அப்புறம் துண்டு துண்டாக வெட்டி, முகவரி தெரியும்படி ஜன்னல் வைத்த உறையில் போட்டுவிடுவார்கள். வி-மெயில் பிரிண்ட் ஏறக்குறைய 11 செ.மீ.க்கு 13 செ.மீ. பொடி எழுத்தில் நெருக்கி எழுதியவர் கடிதத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும், அதனால்தான் கறுப்பு மையில் பெரிதாக எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பாவம், லிப்ஸ்டிக் முத்தத்துக்கும் தடை வந்தது. தாளில் பதித்த உதட்டுச் சாயம் ஓடும் உருளைகளில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருகிற முகம் தெரியாத யார் யாரோ எழுதிய கடிதங்களையெல்லாம் பூசிக் கெடுத்தது. உள்ளே போட்டோவோ காய்ந்த பூவோ வைக்கவும் வழியில்லை.

நான் பெரிதாக மதிப்பது இன்னொரு ஏற்பாட்டை. ஒவ்வொரு படிவத்துக்கும் எண் உண்டு. ஃபிலிம் பத்திரமாகச் சேர்ந்தது என்று தகவல் வரும்வரை மூலக் கடிதங்களை அழிக்க மாட்டார்கள். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டால் அதே கடிதங்களை மறுபடி படமெடுத்து அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். கப்பல் மூழ்கினால் மூட்டையிலிருந்த கடிதமும் அதோடு போய்விடும். வீட்டிலிருந்து ஒரு வரி வராதா என்று பாலைவனத்தில் காத்திருந்தவருக்கு, வேகத்தைவிட இந்த உறுதி பெரிதாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

குறை ஒன்று இருந்தது, அது சின்னக் குறை இல்லை. மனைவிக்கு எழுதியதைத் தணிக்கையாளர் படிப்பார் என்பது போரில் எல்லாக் கடிதத்துக்கும் உள்ளதுதான். இங்கே அதற்கு மேல் படமெடுப்பவர், பிரிண்ட் போடுபவர், வெட்டி மடிப்பவர் என்று எத்தனையோ பேர் கையில் கடிதம் திறந்தபடியே போனது. பலர் மனதில் இருந்ததை எழுதாமல் நலம், நலமறிய ஆவல் என்று முடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

1945-இல் ஜூலையோடு ஏர்கிராஃப் நின்றது, நவம்பர் 1-இல் வி-மெயிலும். போர் முடிந்து விமானங்களில் இடம் கிடைத்தபின் இத்தனை பாடு தேவைப்படவில்லை. மடித்தால் தானே உறையாகிவிடும் மெல்லிய வான்கடிதத் தாள் போதுமானதாக இருந்தது.