தங்கவயல் தண்ணீர்: பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குவது எப்படி?

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்க வேலை நின்றது. தண்ணீர் இறைத்த பம்புகளும் ஓய்ந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் ஊற்றுநீர் ஏறத் தொடங்கியது. கந்தகம் கலந்த தாதுப் பாறையில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் உண்டாகும். அது ஆர்சனிக், இரும்பு போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வரும். தரைக்கு மேலே சயனைடு மலைகள் வேறு, அதாவது தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவுமண் குவியல்கள். மழைநீர் அவற்றில் ஊறித்தான் இறங்குகிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். ஆர்சனிக் சிதையாது.

இந்தத் தண்ணீரைக் கண்காணிக்க வேண்டியது யார்? நிலக்கரி அல்லாத சுரங்கங்களுக்கு 'மூடல் திட்டம்' கட்டாயம் என்ற விதி 2003-ல்தான் வந்தது. இப்போதுள்ள 2017 விதிகளின்படி, மூடுவதற்கு இரண்டு வருடம் முன்பே இறுதித் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். பெரிய சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் உத்தரவாதமும் கட்ட வேண்டும். தங்கவயல் மூடப்பட்டதோ 2003 விதி வருவதற்கு இரண்டு வருடம் முன்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்பேன்.

ஆனால் 1974-ம் வருட நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பழைய சுரங்கம், புதிய சுரங்கம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கிணற்றிலோ ஓடையிலோ நிலத்திலோ நச்சு கலக்கத் தெரிந்தே விடுவதை 24-ம் பிரிவு தடுக்கிறது. மாதிரி எடுக்கும் அதிகாரத்தை 21-ம் பிரிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கிறது. எடுத்தார்களா, என்ன வந்தது என்று கேட்க நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கேட்க வேண்டிய அலுவலகங்கள் பெங்களூரிலேயே இருக்கின்றன. வாரியம் சர்ச் ஸ்ட்ரீட் பரிசர பவனில். மாநில கனிமத் துறை ரேஸ் கோர்ஸ் சாலை கனிஜ பவனில். மாரிக்குப்பம் ரயிலில் தினம் வேலைக்கு வருகிறவர் ஒரு மதிய இடைவேளையில் மனு கொடுத்துவிடலாம். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக எடுத்தால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். அதனால் நீர்மட்டத்துக்கு ஒன்று, நீரின் தரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். எழுத முடியாத பெரியவர் வாயால் சொன்னால், எழுத்தில் கொண்டுவர பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த நம் தாத்தாக்கள் தயங்காமல் போகலாம். தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டாலும் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் சித்தப்பா வீட்டு போர்வெல் தண்ணீரை பக்கெட்டில் ராத்திரி பிடித்து வைத்தால், விடிவதற்குள் மேலே செம்பழுப்பாக ஒரு ஏடு படியும். அது இரும்பு. கண்ணுக்குத் தெரிவதால் சித்தி அதற்குத்தான் பயப்படுகிறார். ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, காய்ச்சினாலும் போகாது. தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும், கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டரும் அதைக் காட்டாது. குடிநீர்த் தரம் பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 சொல்லும் எல்லை: ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், சயனைடு 0.05, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கோலார் பக்கம் ஃபுளோரைடும் பார்க்க வேண்டும், 1.5-ஐத் தாண்டக் கூடாது.

சொந்தச் செலவில் சோதிப்பதானால் சாதாரணத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோகாதீர்கள். உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்த்த பாட்டில், சயனைடுக்குக் காரம் சேர்த்த வேறு பாட்டில் வேண்டும். ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எடுத்தால்தான் கசிவின் போக்கு பிடிபடும்.

மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் வந்தால் முதலில் மாதிரி எடுத்த இடத்தைப் பாருங்கள். 'கே.ஜி.எஃப். பகுதி' (கோலார் தங்கவயல் பகுதி) என்று மட்டும் இருந்தால் அது சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கத்துக் கிணறா, தூரத்தில் இருக்கும் பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீரா என்று கேட்டு, கிணற்றின் இடமும் தேதியும் போட்டு அடுத்த மனுவை எழுதுங்கள்.