மனசு கார்கிவில், கை காருக்கு அடியில்

2022 மார்ச் 3-ஆம் தேதி காலை ஒன்பது மணி இருக்கும். மந்தைவெளிப் பெரியவர் போன் செய்தார். "தம்பி, முன்னாடி வலது சக்கரத்துல டக்கு டக்குனு சத்தம் வருது. அடையாறு பாலம் தாண்டி ஓரம் கட்டி நிக்கறேன். கொஞ்சம் வர முடியுமா?"

போய்க் குனிந்து பார்த்தேன். நான்கு வீல் நட்டில் ஒன்றைக் காணோம். இரண்டு நட்டுகள் விரலால் சுற்றினாலே சுற்றின. ஒன்றே ஒன்றுதான் சரியாக முடுக்கியிருந்தது. அந்த ஒற்றை நட்டை நம்பி மந்தைவெளியிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார்.

வேறு யாராவது என்றால் திட்டியிருப்பேன். இவர் எனக்குப் பாடம் சொன்னவர். வளசரவாக்கத்தில் பழைய கார்களுக்கென்று நான் பட்டறை வைத்து 26 வருஷம் ஆகிறது. தொடங்கிய புதிதில் என்னை நம்பி முதல் காரை விட்டவர் அவர்தான். அந்தக் கார் 1967-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1296 சிசி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்ப இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்ட மேனேஜரிடம் வாங்கியதாம். நாற்பது வருஷத்துக்கு மேல் அவரே கையால் பராமரித்தது.

முந்தின நாள் என்ன நடந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. அவருடைய பேத்தி உக்ரைனில், கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி 24 அன்று ரஷ்யா போர் தொடங்கியதிலிருந்து பாதாள அறையில் இருந்தாள். மார்ச் 1-ஆம் தேதி அந்த நகரத்தில் கர்நாடகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்துபோனார். மறுநாள் இந்தியத் தூதரகம், எல்லோரும் உடனே கார்கிவை விட்டுக் கிளம்புங்கள், வண்டி கிடைக்கவில்லை என்றால் நடந்தாவது போங்கள், அங்குள்ள நேரப்படி மாலை ஆறு மணிக்குள் பெசோச்சின், பபாய், பெஸ்லியுதோவ்கா ஆகிய ஊர்களுக்குப் போய்ச் சேருங்கள் என்று அறிவித்தது. பெசோச்சின் 11 கிலோமீட்டர். அங்கே மாலை ஆறு என்றால் நமக்கு இரவு ஒன்பதரை.

அந்தப் பேத்தி பனியில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் தாத்தா மந்தைவெளி ஷெட்டில் காரைத் தூக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சும்மா உட்கார முடியலை தம்பி. கைக்கு ஏதாவது வேலை இருந்தா தேவலைன்னு தோணுச்சு" என்றார். போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சக்கரத்தைத் திரும்ப மாட்டி ஒரு நட்டை முடுக்கி முடித்தபோது மணி அடித்தது. பேத்திதான். தூதரகம் சொன்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் அழுதுகொண்டே எழுந்து வீட்டுக்குள் போனார். பிறகு ஜாக்கியை இறக்கியது யார், எப்போது என்பதெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்லை.

வண்டியை மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். இன்னும் பெரிய விஷயம் அங்கேதான் தெரிந்தது.

ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரம் திரும்புவது ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டின் மேல். மேலிருந்து வரும் இரும்புத் தண்டின் அடிப்பாகத்தில் மரை இருக்கும். அது ட்ரன்னியனுக்குள் திருகி இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் உள்ளே சுற்றுகிறது. இதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும், ஈபி 90. கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும், மரையின் அடிவரை போகாது. அங்கே தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகப் போய் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும் நேரத்தில், தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அதுவே வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊர் மெக்கானிக்குகளுக்கு இது புதிய பாடமும் இல்லை. நம் பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு காரின் அடிப்படையில்தான் ஸ்பிட்ஃபயரும் பிறந்தது. அதே முன்பக்க அமைப்பு, அதே ட்ரன்னியன். ஹெரால்டு பார்த்த பழைய மேஸ்திரிகள் அடுத்தவரிடம் முதலில் சொல்வதே "ஆயில் போடு, கிரீஸ் அடிக்காதே" என்பதுதான். எனக்கு அதைச் சொன்னவர் பெரியவர். ஒரு கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, அதன் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, 'ஆயில் மட்டும்' என்று எழுதித் தனியாகவே வைத்திருப்பார்.

அன்று நான் ட்ரன்னியனின் அடைப்பானைக் கழற்றியபோது துளையில் மஞ்சள் கிரீஸ் பிதுங்கி நின்றது. நாற்பது வருஷம் ஆயில் போட்ட கை முந்தின நாள் பக்கத்திலிருந்த கிரீஸ் கன்னை எடுத்திருக்கிறது. அவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த துணியை வாங்கித் துளையின் வாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் இதை எழுதுவதற்கு அந்தக் காலைதான் காரணம். தூரத்துப் போர் என்றால் பெட்ரோல் விலை, ஸ்பேர் விலை என்றுதான் பேசுகிறோம். அவையும் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் என் பட்டறைக்கு வந்த போர்களில் அதிக ஆபத்தானது வண்டிக்காரரின் மனசு வழியாக வந்ததுதான். புதுக் கார் என்றால் பிரேக் ஆயில் குறைந்தால் ஒரு விளக்கு எரிந்து எச்சரிக்கும், சர்வீஸ் சென்டரில் இரண்டு பேர் பார்ப்பார்கள். பழைய காரில் எல்லாமே உங்கள் கவனத்தின் மேல்தான் நிற்கிறது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறேன். மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள் அல்லவா, அந்தச் சமயம். கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே பிரேக் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்திருக்கிறார். மூன்று சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளை மூடினார். நான்காவதை மூடவில்லை. நல்லவேளை, தெருமுனைக்குள்ளேயே பெடல் கீழே போனது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார்.

செய்தி பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வீட்டுப் பிள்ளை அங்கே இருக்கும்போது யாரால் பார்க்காமல் இருக்க முடியும்? கைக்கு வேலை வேண்டும் என்று தோன்றுவதும் எனக்குப் புரிகிறது. அந்த நாளில் செய்ய வேறு வேலைகள் இருக்கின்றன. குரோமைத் துடையுங்கள், சீட்டுத் தோலுக்கு எண்ணெய் தடவுங்கள், ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்குங்கள். காரைத் தூக்குவது, பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் லைன் இந்த நான்கையும் மட்டும் அன்று தொடாதீர்கள்.

தொட்டே ஆக வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். கூட ஒரு ஆள் இருக்கட்டும். போன் அந்த ஆளிடம் இருக்கட்டும். கழற்றிய நட்டுகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள், கார் சாவியையும் அதே கிண்ணத்தில் போடுங்கள். கிண்ணம் காலியாகாமல் சாவி வெளியே வரக் கூடாது. முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதல் நட்டிலிருந்து ஆரம்பியுங்கள். என் பட்டறையில் இப்போது எனக்கும் பையன்களுக்கும் இதுதான் சட்டம்.

சரி, பெட்ரோலுக்கு வருகிறேன். அதே 2022 மார்ச் 7-ஆம் தேதி கச்சா எண்ணெய் பீப்பாய் 139 டாலர் வரை போனது. பங்க் விலை மட்டும் நவம்பரிலிருந்து ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. எப்படியும் ஏறப்போகிறது என்று எல்லோரும் பேசினார்கள். அண்ணா நகரில் எனக்குத் தெரிந்த ஒருவர், தன் பழைய காருக்காக 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஐந்தில் பெட்ரோல் பிடித்து அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில் வைத்துவிட்டார். சுவரில் மேலே மொத்த வீட்டுக்கும் மின்சார மீட்டர் பெட்டிகள். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தவழ்ந்து தேங்கும். நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் கேன் உப்பும். ஒரு சின்னப் பொறி போதும். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்துக்கொள்ளவும் கூடாது. அவருடைய கணக்கையே போட்டுப் பார்த்தோம். சென்னையில் விலை 101 ரூபாய் 40 காசிலிருந்து ஏப்ரல் 6-இல் 110 ரூபாய் 85 காசுக்குப் போனது. 100 லிட்டருக்கு மிச்சம் 945 ரூபாய். அந்தக் காசுக்காகப் பன்னிரண்டு குடும்பம் அதன் மேலே தூங்கியது.

தவிர, தேக்கிய பெட்ரோல் பழைய காருக்கு நல்லதும் இல்லை. அதில் எத்தனால் கலந்திருக்கிறது. அப்போது பத்து சதவீதம் வரை, இப்போது இருபது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மேல் உறிஞ்சிவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், டாங்க் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர் இது, ஈரத்துக்குக் குறைவே கிடையாது. பழைய காருக்குத் தேவையான அளவு போட்டு, அடிக்கடி ஓட்டித் தீர்த்து, புதிதாகப் போடுவதுதான் நல்லது.

போர் தூரத்தில்தானே என்று இருந்துவிட முடியாத ஊர் இது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து சுட்டு எரித்தது நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைத்தான். 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை.

ஸ்பேர் விஷயமும் தூரத்துப் போரோடு சேர்ந்ததுதான். செங்கடல் வழி ஆபத்தானதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவர ஆரம்பித்தன. இங்கிலாந்திலிருந்து கடல் வழியாக வரும் பெட்டி பத்து நாளுக்கு மேல் தாமதமானது. காத்திருக்கப் பொறுக்காமல் ஒருவர் கிடைத்த ரப்பர் ஹோஸை வாங்கிப் பெட்ரோல் லைனில் மாட்டிவிட்டார். பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. எட்டு மாதத்தில் உள்சுவர் எத்தனாலில் ஊறி உரிந்து, கறுப்புத் துகளாக கார்புரேட்டருக்குள் வந்து, பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வில் சிக்கியது. வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்தது. அவருடைய வண்டி இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் குழாய்களும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. வழிவது நேராகச் சூட்டின் மேல் விழும். வாசனை வந்ததும் சாவியை அணைத்துக் கீழே இறங்கினார், அதனால் கார் தப்பியது.

ஹோஸ் வாங்கும்போது அதன் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸுக்கான தரக் குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாததைத் தொடாதீர்கள். கதவுப் பிடி, கண்ணாடி ரப்பர், டாஷ்போர்டு மரம் எதை வேண்டுமானாலும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடுங்கள், லேத்தில் கடைந்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பெட்ரோலுக்கும் சரியான சாமான் வரும்வரை மூன்று மாதமானாலும் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கட்டும். தீயணைப்பான் ஒன்று டிக்கியில் இல்லாமல் சீட்டுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்பிட்ஃபயர் மாதிரி முழு பானெட்டும் திறக்கிற வண்டியில் புகை வந்தால் சட்டென்று தூக்கிவிடாதீர்கள், காற்று புகுந்து குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பெரியவரின் பேத்தி மார்ச் இரண்டாவது வாரம் வீடு வந்து சேர்ந்தாள். அரசு அப்போது ஆபரேஷன் கங்கா என்ற பெயரில் ருமேனியா, ஹங்கேரி, போலந்து வழியாகப் பிள்ளைகளை அழைத்துவந்துகொண்டிருந்தது. அவள் தூங்கி எழுந்த மறுநாள் அவரும் நானும் ட்ரன்னியனை முழுசாகப் பிரித்தோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மரையாகக் கிரீஸை எடுத்தோம். தண்டின் மரை சுத்தமாக இருந்தது, துருவே இல்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

மாட்டி முடித்ததும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிய கன்னை எடுத்து, மேலே எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "வெச்சுக்கோங்க தம்பி. அடிச்சா நீங்களே எடுத்துப் பேசுங்க."

ஒரு அழுத்து, இரண்டு அழுத்து. ஏழாவது அழுத்தில் மேல் சீலின் விளிம்பில் கியர் ஆயில் தேன் மாதிரி எட்டிப் பார்த்தது. துடைத்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.